சம்பந்தி வீட்டுப் பஞ்சாமிர்தம்

உக்காருங்கக்கா, தாராளமா உக்காருங்க. மூணு பேரு சீட்டுதானே. அந்தப் பையை மட்டும் காலால தட்டிராம... இருங்க, நானே மடியில வச்சுக்கிறேன். பஞ்சாமிர்தம். சம்பந்தி வீட்டுக்கு. டப்பா சீல் பிரிக்காம அப்படியே கொண்டுபோய்க் கையில குடுக்கணும். அவங்க அதெல்லாம் பாப்பாங்க.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்தா வர்றீங்க? முருங்கைக்காயைப் பாத்ததுமே நினைச்சேன். மதுரைக்கா? நாங்களும் மதுரை, புதூர் பக்கம். ஆனா இன்னிக்குத் திண்டுக்கல்ல இறங்கிருவோம். ஜன்னலோரம் தூங்குறா பாருங்க, என் மக. குகப்ரியா. ஒரே பிள்ளை. கல்யாணமாகி ரொம்ப வருசம் இல்லாம இருந்து, பழனியாண்டவருக்கு வேண்டிக்கிட்டுப் பெத்தது. அதான் அவன் பேரையே வச்சோம். தை மாசம் இவளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையை அவன் காலடியில வச்சிட்டு வர்றோம்.

தரிசனம் நல்லபடியா முடிஞ்சுதுக்கா. காலையில வெள்ளென மலையேறிட்டோம். இவ விஞ்ச்சுல போகலாம்மான்னா. படியில ஏறுடி, உடம்புக்கு நல்லதுன்னு ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். பாதியிலயே உக்காந்துட்டா. மூச்சு வாங்குதாம். இருபத்தாறு வயசுப் பிள்ளைக்கு மூச்சு வாங்குமா? நான் இந்த முழங்காலை வச்சுக்கிட்டு ஏறலையா? அந்த அலுப்புதான், பஸ் ஏறினதும் கொஞ்ச நேரம் என்னமோ பேசிக்கிட்டு வந்தா, இப்பத் தூங்கிட்டா.

ஆமாக்கா, ஒல்லிதான். ஒல்லி ஆக்கினது நானு! இருங்க, போன்ல படம் காட்டுறேன். இதோ. போன சித்திரையில எடுத்தது. யாருன்னு சொல்லுங்க? இவதான். இவளேதான்! நம்ப முடியலைல்ல? எல்லாரும் இப்படித்தான் வாயில கை வைக்கிறாங்க. கண்ணு பட்டுரும்னு வாராவாரம் சுத்திப் போடுறேன்.

அப்ப அவ சிரிப்பை நீங்க கேட்டிருக்கணும். பேங்க்குல வேலை. அவ சிரிச்சா மேனேஜர் ரூம் வரைக்கும் கேக்குமாம். எல்லாம் அப்பனும் மகளும் சேர்ந்து அடிக்கிற கூத்து. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா ரெண்டும் வண்டியை எடுத்துக்கிட்டுப் புரோட்டா சாப்பிடக் கிளம்பிரும். சால்னாவை ஊத்தி ஊத்தி... எங்க வீட்டுக்காரருக்குச் சுகர், இன்சுலின் போடுறவரு. அவரே திங்கிறாருன்னா இவளை யாரு தடுக்கிறது? "விடுடி, பிள்ளை திங்கட்டும்"பாரு. திங்கட்டுமாம். பொண்ணு பாக்க வந்தவன் ஒவ்வொருத்தனும் பஜ்ஜியைத் தின்னுட்டு, போய்ச் சொல்லி அனுப்புறோம்னு போனானே, அப்ப நடுவீட்டுல நின்னு அவமானப்பட்டது இவரா, நானா?

ஒருத்தி என்ன சொன்னா தெரியுமாக்கா? என் காதுபடச் சொன்னா. "பொண்ணுக்கு அக்கா மாதிரி இருக்கு பொண்ணு"ன்னா. எனக்கு ஒன்னும் புரியலை. ஃபோட்டோவுல இருந்த பொண்ணுக்கு அக்கா மாதிரி இருக்காளாம் நேர்ல. இவ உள்ளே நின்னு கேட்டுட்டா. அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. நான் கூப்பிடவும் இல்லை. ரோசம் வரட்டும்னு விட்டுட்டேன்.

அப்பத்தான் இந்தத் திண்டுக்கல் வரன் வந்துச்சு. மாப்பிள்ளை தங்கமான பையன். பொண்ணு பிடிச்சிருக்குன்னு உடனே சொல்லிட்டாரு. ஆனா அந்தம்மா இருக்காங்களே, சம்பந்தியம்மா, அவங்க என்னைத் தனியா அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போய், "மூஞ்சி லட்சணமா இருக்குங்க. கல்யாணத்துக்குள்ள உடம்பை மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னாங்க. மிரட்டலைக்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா இதுவும் போச்சுன்னா எங்க போவேன்?

அதுக்குள்ள நான் பாக்காத வைத்தியமா? கொள்ளுத் தண்ணி, வெறும் வயித்துல சுடுதண்ணியும் தேனும், காலையில ஏதோ பவுடரைக் கலக்கிக் குடிக்கிற கிளப்பு... ஒன்னும் அசையலை. எங்க நாத்தனா அமுதாதான் இந்த ஊசியைச் சொன்னா. அவ பக்கத்து வீட்டுல ஒரு அம்மா போட்டு, துணியைப் பிழிஞ்ச மாதிரி ஆயிட்டாங்களாம். சுகருக்கு வந்த ஊசி, இப்ப உடம்பு குறையவும் போடுறாங்கன்னா. சரின்னு எங்க வீட்டுக்காரரு பாக்கிற சுகர் டாக்டர்கிட்டயே இவளைக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

நல்ல டாக்டர்தான். பேசிப் பேசியே கொல்லுவாரு. படமெல்லாம் போட்டுக் காட்டினாரு. நாம சாப்பிட்டதும் நம்ம குடலே ஒரு சுரப்பைச் சுரக்குமாம். அது மூளைக்குப் போய், போதும் நிறுத்துன்னு சொல்லுமாம். இரைப்பைக் கதவையும் பாதி சாத்தி வச்சு, உள்ள போனது மெதுமெதுவா இறங்கும்படி பண்ணுமாம். நம்ம உடம்புல சுரக்கிறது சொல்லிட்டு உடனே கரைஞ்சு போயிரும், இந்த மருந்து அதே மாதிரி செஞ்சது, ஆனா ஒரு வாரம் உள்ளேயே உக்காந்து சொல்லிக்கிட்டே இருக்கும்னாரு. இதை முதல்ல எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமாக்கா? அமெரிக்காவுல ஒரு பெரிய பல்லி இருக்காம். வருசத்துக்கு நாலைஞ்சு தடவைதான் சாப்பிடுமாம். அது எச்சியில இருந்த ஒன்னைப் பாத்துத்தான் இந்த வகை மருந்து ஆரம்பிச்சதாம். நான் டாக்டர்கிட்டயே சொல்லிட்டேன், "பல்லி மேல விழுந்தாலே பலன் பாக்கிறவங்க சார் நாங்க, எச்சியே உள்ள போகுதுன்னா பலன் இல்லாமயா போகும்?" அவரு சிரிக்கலை. அது எச்சி இல்லம்மா, இது வேறன்னு மறுபடி படம் போட ஆரம்பிச்சிட்டாரு.

அப்புறம் பயமுறுத்தினாரு. வாந்தி வரும், மலச்சிக்கல் வரும், பித்தப்பையில கல்லு வரலாம், வயித்து வலி முதுகுக்குப் போனா உடனே வாங்க. பசிக்கலைன்னு பட்டினி கிடக்கக் கூடாது, முட்டை, பருப்பு, மீன் சாப்பிடணும், இல்லைன்னா கொழுப்போட சதையும் சேர்ந்து கரையும். ஊசியை நிறுத்தினா எடை திரும்பவும் ஏறலாம். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் அளவை ஏத்தணும். எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு வந்தோம். அவருக்கென்ன, மெதுவா ஏத்துவாரு. முகூர்த்தம் மெதுவாவா வருது?

நான்தான் கொஞ்சம் வேகமா ஏத்தினேன். பென்னுதானேக்கா, பின்னாடி திருகினா மருந்து அளவு ஏறுது. பேனா மாதிரியே இருக்கும். வீட்டுல இவுக அப்பாவுக்கு வருசக்கணக்கா நான்தான் ஊசி போடுறேன், எனக்கு என்ன தெரியாதது?

முதல் வாரமே பலன் தெரிஞ்சுது. இட்லியை முன்னால வச்சா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. எனக்கு அப்படியே குளுந்து போச்சு. இருபத்தஞ்சு வருசமா நான் கத்திக் கத்தி ஆகாதது! வாந்தி எடுத்தா, எடுக்கலைன்னு சொல்லலை. காலையில பேங்க்குக்குக் கிளம்புறப்ப எடுப்பா, வந்து எடுப்பா. ஏப்பம் விட்டா அழுகின முட்டை நாத்தம். மாசமா இருக்கிறவ மசக்கையில வாந்தி எடுக்கலையா, அதைப் பாத்து யாராச்சும் பயப்படுறாங்களான்னு கேட்டேன். அப்புறம் முடி கொட்ட ஆரம்பிச்சுது. சீப்புல கொத்துக் கொத்தா. அவ அழுதா. நான், "அழுவாதடி, பழனியாண்டவன் மொட்டைக்குப் பதிலாத் தவணையில எடுத்துக்கிறான்"னேன். அப்பனும் மகளும் ரெண்டு பேருமே சிரிக்கலை. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க.

இவரு சும்மாவா இருந்தாரு? "பிள்ளை சிரிச்சே நாளாச்சுடி, நிறுத்துடி"ன்னு தினம் பாட்டு. கல்யாணத்தன்னிக்குச் சிரிப்பா, போங்கன்னேன். இவரைப் பத்திச் சொன்னா உங்களுக்கே சிரிப்பு வரும். ஊசியைக் குத்தின கையோட தட்டு முன்னால வந்தாகணும். கொஞ்சம் நேரமாச்சோ, கை நடுங்குது, கண்ணு இருட்டுதும்பாரு. நடிப்பு! சோத்துக்கு அலையுறதுக்கு ஒரு சாக்கு. சட்டையைத் துவைக்க எடுத்தா பையில எப்பப் பாத்தாலும் ஆரஞ்சு மிட்டாய். சுகர்காரருக்கு எதுக்கு மிட்டாய்? கேட்டா அவசரத்துக்காம். என்ன அவசரமோ. நான் தூக்கிப் போட்டுருவேன். மறுநாள் பாத்தா மறுபடி இருக்கும்.

யாரு? என் போனா அடிக்குது? அவருதான். காலையில இருந்து அடிச்சுக்கிட்டே இருக்காரு. சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கேன். எடுத்தா பஸ்ஸுல வச்சுக் கத்துவாரு. ஏன்னு அப்புறம் சொல்றேன், சின்ன விசயம்.

ஜாக்கெட்டைச் சொல்லலையே! இந்தப் பையிலதான் இருக்கு, பாருங்க. அரக்குல ஜரிகை. முகூர்த்தப் பட்டு அவங்க எடுத்தது, ஜாக்கெட்டு தைச்சுக்கிறது நம்ம பொறுப்பு. ஆடி தள்ளுபடிக்கு முன்னாடியே துணியைக் குடுத்துட்டாங்க. அப்ப இவ பாதிதான் இறங்கியிருந்தா. தையக்காரரு டேப்பை எடுத்துக்கிட்டு வந்தாரு. "அவளை அளக்காதீங்க"ன்னேன். என் அண்ணன் மக ஒருத்தி இருக்கா, குச்சி மாதிரி. அவ ஜாக்கெட்டைக் குடுத்து, இந்த அளவுக்குத் தைங்கன்னு சொல்லிட்டேன். அந்தாளு ஒரு மாதிரி பாத்தாரு. "உள்ள துணி விட்டுத் தைக்கிறேம்மா, பத்தலைன்னா பிரிச்சுக்கலாம்"னாரு. துணியும் வேணாம் ஒன்னும் வேணாம், வெட்டிப் போடுங்கன்னேன். உள்ள துணி இருந்தா பிரிக்கத்தான் புத்தி போகும். இல்லைன்னா இவதான் இறங்கியாகணும். எப்படி என் யோசனை?

அலமாரிக் கதவுலயே மாட்டி வச்சுட்டேன். தினமும் எழுந்திரிச்சதும் அதுலதான் முழிப்பா.

இன்னிக்கு அதுக்குத்தான் திண்டுக்கல்ல இறங்குறது. சம்பந்தியம்மா ஜாக்கெட்டைப் போட்டுப் பாக்கணும்னாங்க. மதியச் சாப்பாடும் அங்கதான். எனக்கு அந்தச் சாப்பாட்டை நினைச்சாத்தான் பயம். அவங்க வீட்டுல இலை போட்டா விட மாட்டாங்க, பாயசத்தை ஊத்திக்கிட்டே இருப்பாங்க. இவ பழைய புத்தியில திங்க ஆரம்பிச்சிட்டா? வயிறு முன்னால வந்துச்சுன்னா கொக்கி மாட்டாதே? அதான் நேத்து மத்தியானத்துல இருந்தே பாத்துக்கிட்டேன். ராத்திரி ரெண்டு வாய் மோரு. காலையில சாமி கும்பிடப் போறோம், ஒன்னும் வேணாம். கோயில்ல குடுத்த பஞ்சாமிர்தத்தைக்கூட நான்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்து வாயில போட்டுக்கிட்டேன்.

வேர்க்குதா? ஆமாக்கா, நீங்க காதைச் சுத்தித் துண்டு கட்டியிருக்கீங்க, இந்தக் குளுருல இவளுக்கு முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு. நானும் பாத்தேன். கொழுப்பு கரையுதுக்கா. ஊசி வேலை செய்யுது. இன்னிக்குத்தான் இந்த வேகம், ஒரு நாளும் இப்படி வேர்த்ததில்லை.

ஒன்னுதான் எனக்குப் புரியலை. இத்தனை மாசமா பசின்னு ஒரு வார்த்தை சொல்லாதவ, இன்னிக்குப் பஸ் ஏறினதுல இருந்து பசிக்குது பசிக்குதுன்னு ஒரே பிடுங்கல். கையெல்லாம் நடுங்குதும்மாங்கிறா. அப்பன் கிட்டப் படிச்ச நடிப்பு, வேற என்ன? டப்பாவைக் காட்டி, "அம்மா, ஒரே ஒரு வாய்ம்மா, ஒரே ஒரு வாய் குடும்மா"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுவுறா. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. பெத்தவளுக்கு இருக்காதா? ஆனா வெல்லமும் வாழைப்பழமும் கல்கண்டும் நெய்யும் தேனும், ஒரு வாய்ல எல்லாம் போயிரும். அதோட சம்பந்தி வீட்டு டப்பா. சீல் பிரிச்சதைக் கொண்டுபோய்க் குடுக்க முடியுமா? தண்ணியைக் குடிடின்னேன். அப்புறம் என்னென்னமோ பேசினா. கண்டக்டரைப் பாத்து, "சார், டோக்கன் நம்பர் சொல்லுங்க"ங்கிறா. பேங்க்குன்னு நினைப்பு. "ஏம்மா ரெண்டு ரெண்டாத் தெரியுற"ங்கிறா. ராத்திரி லாட்ஜுல கொசு, தூங்கலை. தூங்குடின்னு சாய்ச்சு விட்டேன்.

எந்த ஊசியா? அதான்க்கா, அந்த ஊசி. வாராவாரம் வெள்ளிக்கிழமை போடுறது. இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே. ஆனா பாருங்க, அது போன வாரத்தோட தீந்து போச்சு. கடையில கேட்டா ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வரும்மாங்கிறான். அலைஞ்சேன், மதுரை முழுக்க அலைஞ்சேன், எங்கயும் இல்லை. இந்த வாரம்னு பாத்தா இல்லாமப் போகணும்? உக்காந்து அழுதேன். அப்புறம் ஃப்ரிட்ஜைத் திறந்தேன், கதவுல இவுக அப்பா பென்னு ரெண்டு இருக்கு. சட்டுனு மண்டையில உறைச்சுது. அதுவும் சுகர் ஊசி, இதுவும் சுகர் ஊசி. அந்த டாக்டரே சொன்னாரே, இது சுகர்காரங்களுக்காக வந்த மருந்துதான்னு. அதே பேனா, அதே திருகு, அதே மாதிரி வயித்துல குத்துறது. இத்தனை நாளா வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டா ஊரெல்லாம் அலைஞ்சேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். ஒன்னை எடுத்து ஃப்ளாஸ்க்குல ஐஸ் போட்டு வச்சுக்கிட்டு வந்துட்டேன். மலை இறங்கி லாட்ஜுக்கு வந்ததும் போட்டு விட்டேன். ஒன்னைக் காணோமேன்னுதான் அவரு போன் மேல போன் போடுறாரு. அவருக்குத்தான் இன்னொன்னு இருக்கே. அதுக்குப் போய் இந்தக் கூப்பாடா?

இந்தாங்க, பாருங்க, ஃப்ளாஸ்க்குலதான் இருக்கு.

என்னக்கா, கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசிக்கிறீங்க? ஓ, உங்க மாமியாரும் இதைத்தான் போடுறாங்களா? அப்படிச் சொல்லுங்க! ஒல்லியா இருக்காங்களா?

எவ்வளவு போட்டேன்னா... அவரு போடுற அளவுதான். அவரு பெரிய உடம்பு, தொந்தி வேற, அதனால அவருக்கு நிறையத்தான் ஏத்துறது. இவளுக்கு அதுக்கு மேல கொஞ்சம் திருகினேன், இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானேன்னு. ஏன் அப்படிப் பாக்கிறீங்க?

அக்கா, அவளை ஏன் அடிக்கிறீங்க? கன்னத்துல அடிக்காதீங்க, பவுடர் போட்டிருக்கேன். தூங்குறான்னு சொல்றேன்ல. திண்டுக்கல் வரட்டும், நானே எழுப்புறேன். முகம் கழுவி, தலை சீவி... கை சில்லுன்னு இருக்கா? ஜன்னல் காத்துக்கா. வாயில எச்சி வழியுதா? அசந்து தூங்கினா எல்லாருக்கும் வழியும்.

டப்பாவை விடுங்க! என்ன பண்றீங்க நீங்க? விடுங்கன்னா! சம்பந்தி வீட்டுதுன்னு எத்தனை தடவை சொல்றேன். நீங்க யாரு முதல்ல? வந்து உக்காந்ததும் சிரிச்சுப் பேசினேன்னு... கண்டக்டர் சார், இந்தம்மாவைப் பாருங்க, பையைப் பிடுங்குறாங்க! நீங்க ஏன் சார் அவங்க கூடச் சேர்ந்துக்கிட்டு விசில் ஊதுறீங்க? பஸ்ஸை ஏன் நிறுத்துறீங்க? எங்களுக்குத் திண்டுக்கல் போகணும். ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?

சீலைப் பிரிச்சுட்டீங்களே. பாவி, பிரிச்சுட்டீங்களே.

உங்களுக்கு என்ன தெரியும்? சுகர் இறங்கிருச்சாம். இவளுக்குச் சுகரே கிடையாது, எப்படி இறங்கும்? சுகர் உள்ளவங்களுக்குத்தான் இறங்கும். அந்த ஊசி சும்மா உடம்பு குறையத்தான். அவரு வருசக்கணக்காப் போடுறாரு, அவருக்கு என்ன ஆச்சு? போட்டதும் சாப்பிடுவாரு. சாப்பிட்டே ஆகணும்னு பறப்பாரு. கை நடுங்கும்பாரு. வேர்க்கும்பாரு. அப்ப அந்த மிட்டாயை எடுத்து...

போன் அடிக்குது. குடுங்க. நீங்க ஏன் எடுக்கிறீங்க, குடுங்கக்கா.

ஏங்க. ஆமாங்க. நான்தான் எடுத்துட்டு வந்தேன். கத்தாதீங்க, எல்லாரும் பாக்கிறாங்க. ஆமா, போட்டேன். காலையில. இல்ல, சாப்பிடலை. நேத்துல இருந்தே சாப்பிடலை. நீங்க போடுற அளவுதான், கொஞ்சம் கூட. ஏங்க? ஏங்க, கேக்குதா? ஏன் அழுவுறீங்க? நீங்க ஏங்க அழுவுறீங்க?

அக்கா, அவரு அழுவுறாருக்கா.

குகா. குகா, எந்திரி. அம்மாடி, கண்ணைத் திறடி. குகா! ஐயோ, கழுத்து நிக்க மாட்டேங்குதே. அக்கா, நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கக்கா, நீங்க சொல்றபடி செய்யுறேன். ஊட்டிறக் கூடாதா? புரையேறுமா? ஒரு பக்கமாச் சாய்ச்சு விரல்ல எடுத்துக் கன்னத்துக்குள்ள தடவணுமா? தடவுறேன். தடவுறேன்க்கா. ஆம்புலன்ஸ் எங்க வருதுன்னு கேளுங்க. சார், நிக்காதீங்க சார், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பஸ்ஸையே விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பல்லைக் கடிச்சிருக்காளே. திறடி ராசாத்தி. சம்பந்தி கெடக்குறாங்க, அவங்களுக்கு வேற வாங்கிக்கலாம். டப்பா பூரா உனக்குத்தான். அந்த ஜாக்கெட்டு பத்தலைன்னா பிரிச்சுக்கலாம்டி, உள்ள துணி... ஐயோ, துணியே விடலையே, நான்தானே வெட்டிப் போடச் சொன்னேன். வேற தைச்சுக்கலாம். உன்னை அளந்து தைக்கச் சொல்றேன்டி, உன்னை அளந்தே தைக்கச் சொல்றேன். அப்பா லைன்லதான் இருக்காரு, கூப்பிடுறாரு கேளு. முருகா, உன்கிட்டக் கேட்டுத்தானே வாங்கினேன்.

நாக்கை அசைடி. நீதானே கேட்ட, குகா. இந்தா, அம்மா குடுக்கிறேன். ஒரே ஒரு வாய்டி. ஒரே ஒரு வாய்.